அடுக்களைக்கு ஒரு திருகு விளக்கு

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி, கோம்பை

வீட்டுக்கு யாராவது வந்தால் அவர்கள் கண்ணில் முதலில் படுவது கூடம். ஆகவே புதிதாக ஒரு விளக்கு வாங்கினால் அது கூடத்துக்குத்தான் போகும். கூடத்தில் எரிந்து எரிந்து இரு முனையும் கறுத்துப்போன டியூப் லைட் கழற்றப்பட்டு அடுக்களைக்கு வந்து சேரும். அக்காளின் பழைய பாவாடை தங்கைக்கு வருவது போலத்தான் இதுவும். ஆனால் சற்றே சிந்தித்துப் பாருங்கள், தோழியரே! வீட்டில் கத்தியும் அரிவாள்மணையும் இருக்கும் இடம் எது? தீ எரியும் இடம் எது? கொதிக்கும் உலைநீரும் காய்ந்த எண்ணெயும் இருக்கும் இடம் எது? வீட்டிலேயே மிக மங்கலான விளக்கை அந்த இடத்துக்கா கொடுப்பது?

இந்த ஆண்டு எங்கள் அடுக்களைக்கு விளக்குத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பத்தாம் வகுப்பு அறிவியலில் ஒளியியலும் மின்னோட்டவியலும் படிக்கிறேனாம். அதனால் நானே பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். விளக்கு வாங்குவது அவ்வளவு பெரிய காரியமா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டு நிலையைச் சொன்னால்தான் அது விளங்கும்.

எங்கள் ஊர் கோம்பை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது. (ஊர்ப் பெயரைச் சொன்னதும் எல்லோரும் கோம்பை நாயைப் பற்றிக் கேட்பார்கள். இந்தக் கட்டுரையில் நாய் வராது.) எங்கள் பகுதிப் பெண்கள் பலரைப் போலவே என் அம்மாவும் மலைக்கு மேலே கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்கிறார். காலை ஐந்தரை மணிக்கு ஜீப் தெருமுனைக்கு வந்துவிடும். அதற்குள் ஐந்து பேருக்கும் சோறும் குழம்பும் ஆக்கி, தூக்குவாளியில் தனக்கும் எடுத்துக்கொள்ள வேண்டும். எனவே நான்கு மணிக்கு எழுந்துவிடுவார். அப்பாவோ காய்கறி வண்டி ஓட்டுபவர். கம்பத்தில் சரக்கு ஏற்றிக் குமுளி வழியாகப் போய்த் திரும்பும்போது இரவு ஒரு மணி ஆகிவிடும். எங்கள் வீட்டில் கூடம் ஒன்று, அடுக்களை ஒன்று. இரண்டுக்கும் நடுவே கதவு கிடையாது. அடுக்களையில் டியூப் லைட்டைப் போட்டால் கூடத்தில் படுத்திருக்கும் அப்பாவின் முகத்தில் நேராக வெளிச்சம் அடிக்கும்.

அதனால் அம்மா விளக்கைப் போடுவதே இல்லை. அடுப்பு வெளிச்சத்திலும், மிளகாய் டப்பாவில் சாய்த்து வைத்த கைபேசியின் டார்ச்சிலும் சமைத்து வந்தார். “விளக்கைப் போடுங்களேன் அம்மா” என்றால், “மலைப்பாதையில வண்டி ஓட்டுற மனுஷன். தூக்கம் கெட்டா யாருடி பதில் சொல்றது?” என்பார். குமுளி மலையின் கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும். சென்ற ஆடி மாதத்தில் ஒரு விடியற்காலை, கஞ்சி வடிக்கும்போது தட்டு விலகியது அம்மாவுக்குத் தெரியவில்லை. இடது மணிக்கட்டில் கொதிக்கும் கஞ்சி கொட்டிவிட்டது. பத்து நாள் வேலைக்குப் போக முடியவில்லை. பத்து நாள் கூலியும் போயிற்று.

ஆக, எங்களுக்கு வேண்டிய விளக்கு எப்படிப்பட்டது? மாலையில் அப்பத்தா கீரை ஆயும்போது நல்ல வெளிச்சம் தர வேண்டும். விடியற்காலையில் அம்மாவின் கை மட்டும் தெரியும்படி அடங்கி எரிய வேண்டும். கரண்டுச் செலவும் கூடக் கூடாது.

இதைக் கேட்ட அப்பத்தா சிரித்தார். “இதென்ன அதிசயம்? எங்க காலத்து அரிக்கேன் விளக்குல ஒரு திருகு இருக்கும். பிள்ளைக தூங்கினா திரியை இறக்கி வைப்போம். மீன் ஆயணும்னா ஏத்திக்குவோம். கரண்டு வந்துச்சு, திருகு போச்சு” என்றார். நான் திகைத்துவிட்டேன். உண்மைதானே! முல்லைப் பெரியாற்று நீர் நம் லோயர் கேம்ப்பில் இறங்கி 1958 முதல் மின்சாரம் தருகிறது. நம் பள்ளத்தாக்கிலேயே பிறக்கும் மின்சாரம் அது. ஆனால் அந்த மின்சாரத்தில் எரியும் எங்கள் வீட்டு விளக்குக்கு ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டு நிலைதான். பத்து ரூபாய் மண்ணெண்ணெய் விளக்குக்கு இருந்த அடக்கம் அதற்கு இல்லை.

முதலில் நான் அறிவியல் ஆசிரியையான எங்கள் சிஸ்டரிடம் போனேன். அவர்கள் சொன்ன முதல் வார்த்தை, “வாட் பார்த்து விளக்கு வாங்காதே. வாட் என்பது விளக்கு தின்கிற தீனி. அது தருகிற வெளிச்சத்துக்கு லூமென் என்று பெயர், அதைப் பார்” என்பது. பழைய 60 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ 700 லூமென் தரும். 9 வாட் எல்.இ.டி. பல்பு 800, 900 லூமென் தருகிறது. 1879-இல் எடிசன் எரித்துக் காட்டிய வழியில் வந்த குண்டு பல்பு, தான் வாங்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 சதவீதத்தை வெப்பமாக வீணாக்கிவிடும். அடுப்பு ஒன்று போதாதென்று தலைக்கு மேல் இன்னோர் அடுப்பு! எங்கள் வீட்டு டியூப் லைட்டில் 40 வாட் என்று எழுதியிருந்தது. அதன் பழைய சோக் தின்பதையும் கூட்டினால் 50 வாட்டைத் தாண்டும். பெயரைப் பார்த்து ஏமாந்ததில் முதலிடம் ஜீரோ வாட்ஸ் பல்புக்குத்தான். பெயர்தான் ஜீரோ, அந்தப் பழைய சிறு பல்பு 10 வாட்டுக்குக் குறையாமல் இழுக்கும்.

எல்.இ.டி. என்பது ஒளி உமிழ் டையோடு. சிவப்பு ஒளி தரும் டையோடு 1962-லேயே வந்துவிட்டது. வானொலிப் பெட்டியில் புள்ளியாக எரிய அது போதும். வீட்டுக்கு வெளிச்சம் தர வெள்ளை ஒளி வேண்டும். அதற்கு நீல ஒளி டையோடு கிடைக்க வேண்டியிருந்தது. நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சள் ஒளியாக மாற்றும் பூச்சை மேலே பூசினால், இரண்டும் சேர்ந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். அந்த நீல டையோடைச் செய்து தந்ததற்காக இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே, 2015 ஜனவரி 5-ஆம் நாள், நம் நாட்டில் உஜாலா திட்டம் தொடங்கியது. அத்திட்டத்தில் குறைந்த விலைக்கு வழங்கப்பட்ட பல்புகள் 36 கோடிக்கும் மேல். மொத்தமாக வாங்கியதால் கடைவிலையும் சரிந்து, ஏழை வீட்டுக்கும் எட்டும் பொருளாயிற்று.

குறைந்த மின்சாரத்தில் நிறைய வெளிச்சம் என்பது இவ்வாறு எளிதாகிவிட்டது. அப்பத்தா கேட்ட திருகுதான் அவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை.

வீட்டில் மின்விசிறிக்கு ரெகுலேட்டர் இருக்கிறதே, அதையே பல்புக்கும் போட்டால் என்ன என்று அப்பா கேட்டார். கரண்டு வேலை செய்யும் எதிர்வீட்டு அண்ணன், “வேண்டாம் மாமா, பல்பு போயிரும்” என்று தடுத்துவிட்டார். ஏன் என்று சிஸ்டர் விளக்கினார்கள். குண்டு பல்பில் இருப்பது ஒரு கம்பி இழை. மின்சாரத்தைக் குறைத்தால் அது மங்கும், அவ்வளவுதான். (அப்போதும் லாபமில்லை. மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். செலவோ மூன்றில் ஒரு பங்குக்குத்தான் இறங்கும்.) எல்.இ.டி. பல்பின் கழுத்துக்குள் ஒரு சிறு மின்னணுச் சுற்று உண்டு. வீட்டு மின்சாரம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் டையோடுக்குப் போவதை ஒரே அளவில் வைத்திருப்பது அதன் வேலை. இந்தக் காலத்து டிம்மரோ ஒவ்வொரு மின் அலையிலும் ஒரு துண்டை வெட்டியெடுக்கும். ஒன்று வெட்ட, மற்றொன்று நிரப்பப் பார்க்க, பல்பு துடிதுடிக்கும், இரையும், விரைவில் உயிரை விடும். அதனால்தான் மங்கச் செய்யத் தக்கது என்று அட்டையில் எழுதிய பல்பையே டிம்மருக்குப் போட வேண்டும். அதன் விலை சாதாரண பல்பைப் போல மூன்று மடங்கு. அத்தோடு தீர்ந்ததா? குண்டு பல்பு காலத்து டிம்மர்கள் நூற்றுக்கணக்கான வாட்டுக்காகச் செய்யப்பட்டவை. 9 வாட் பல்பு ஒன்றை மட்டும் மாட்டினால் அவற்றில் சில ஒழுங்காக வேலை செய்வதில்லை.

அடுத்ததாக ஒரு கடைக்காரர், சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டாலே வெளிச்சம் படிப்படியாகக் குறையும் பல்பு ஒன்றைக் கொடுத்தார். முழு வெளிச்சம், பாதி, பிறகு இரவு விளக்குப் போல. வயரைத் தொட வேண்டியதில்லை, டிம்மரும் வேண்டியதில்லை. எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மறுநாள் விடியற்காலையில் அம்மா மட்டும் பிடிக்கவில்லை என்றார். காரணம் கேட்டால் சிரிப்பு வரும். மூன்றாவது படிக்குப் போக முதல் படியைத் தாண்டித்தானே ஆக வேண்டும்? நான்கு மணிக்குச் சுவிட்சைப் போட்டதும் வீடே பளீரென்றாயிற்று. பிறகுதான் இரண்டு முறை ‘டக் டக்’ என்று மங்கியது. அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார்! வேறு வீட்டுக்கு அந்தப் பல்பு நல்ல பல்புதான். எங்களுக்கு வேண்டியது இருட்டிலிருந்து மெல்ல ஏறும் விளக்கு. பல்பை விற்கிறவர் அடுக்களையில் நிற்பதில்லை என்பதால் இந்த வேறுபாடு அட்டையில் எழுதப்படுவதில்லை போலும்.

இதற்குள் எனக்கு வேறொன்று தெரிய வந்தது. ஒருநாள் மாலை அம்மா காய் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு அவர் முதுகுக்குப் பின்னால், கூரையில் இருந்தது. கத்தி, காய், விரல் மூன்றும் அவருடைய நிழலுக்குள்ளேயே இருந்தன. அங்கே எத்தனை வாட் போட்டாலும் நிழல்தான் கருமையாகும். விளக்கு இருக்க வேண்டிய இடம் கைக்கு முன்னால், தலைக்குக் கீழே.

எங்கள் சமையல் மேடைக்கு மேலே டப்பாக்கள் வைக்கும் கடப்பாக்கல் தட்டு ஒன்று உண்டு. மேடைக்கும் அதற்கும் இடைவெளி இரண்டடி. கூரை விளக்குக்கும் மேடைக்கும் ஆறடி. தூரம் மூன்று மடங்கு குறைந்தால் அதே விளக்கின் ஒளிச்செறிவு ஒன்பது மடங்கு கூடும். (நீளமான பட்டை விளக்குக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்று சிஸ்டர் சிவப்பு மையால் குறித்துக் கொடுத்தார்கள். ஆனாலும் கிட்டே வைத்தால் குறைந்த ஒளியே போதும் என்பதில் ஐயமில்லை.) தட்டின் அடியில் விளக்கை ஒட்டி, முன்னால் இரண்டு அங்குலச் சட்டம் ஒன்று வைத்தால் அது நேராக அம்மாவின் கண்ணிலும் அடிக்காது, கூடத்திலும் அடிக்காது.

ஆகவே பல்பை விட்டுவிட்டு, அலங்காரத்துக்கு விற்கிறார்களே, அந்த எல்.இ.டி. பட்டை விளக்கை வாங்கினோம். சுருளிலிருந்து நான்கடி வெட்டிக் கொடுத்தார்கள். அது 12 வோல்ட்டில் எரிவது. சுவர் மின்சாரத்தை மாற்றித் தர ஓர் அடாப்டர் வேண்டும். இரண்டுக்கும் நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு டிம்மர். அதில் ஒரு திருகு! அப்பத்தா அதைத் தொட்டுத் திருகிப் பார்த்து, “ஆமா, இதேதான்” என்றார். இந்த டிம்மர் மின்சாரத்தைக் குறைப்பதில்லை. நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விளக்கை அணைத்து அணைத்து ஏற்றுகிறது. எரியும் நேரம் கூடினால் வெளிச்சம் கூடும், குறைந்தால் குறையும். செலவும் அதே விகிதத்தில் குறைந்துவிடும். முழு வெளிச்சத்தில் 10 வாட்டுக்குள். அம்மா விடியற்காலையில் வைக்கும் அளவில் ஒரு வாட் இருந்தால் அதிகம். ஒளி பத்தில் ஒன்றாகக் குறைந்தாலும் நம் கண்ணுக்கு அது மூன்றில் ஒன்று போலத் தெரியும் என்பதால், அந்த ஒரு வாட்டிலேயே பால் பொங்குவதும் கஞ்சி வடிவதும் நன்றாகத் தெரிகின்றன.

அந்த வேகம் போதுமானதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. திருகைக் குறைத்து வைத்து, விளக்கின் கீழே ஒரு கரண்டியை வேகமாக ஆட்டிப் பாருங்கள். கரண்டி ஒரே மங்கலான விசிறியாகத் தெரிந்தால் நல்லது. நான்கைந்து கரண்டிகள் தனித்தனியே தெரிந்தால் அது துடிக்கும் விளக்கு, தலைவலி தரும். கடைக்குக் கரண்டி கொண்டு போக வெட்கமாக இருந்தால் பேனா போதும். நான் பேனாதான் கொண்டு போனேன். முதலில் காட்டிய டிம்மரில் ஆறு பேனா தெரிந்தது. இரண்டாவதை வாங்கினோம்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 6500 என்று அட்டையில் போட்டிருந்தால் நீலம் கலந்த வெண்மை. 2700, 3000 என்றால் அரிக்கேன் விளக்கைப் போன்ற இளமஞ்சள். நம் ஊரில் பளீரென்ற வெள்ளைக்குத்தான் மதிப்பு; மஞ்சள் வெளிச்சம் என்றால் ஏழை வீடு என்று நினைத்துவிடுவார்கள். ஆனால் நம் விழித்திரையில் பார்ப்பதற்கான செல்கள் தவிர, பகலா இரவா என்று உடலுக்குச் சொல்லும் செல்களும் உண்டு என்று 2002-இல் கண்டறிந்தார்கள். அவற்றை மிகவும் தட்டியெழுப்புவது நீலம் கலந்த ஒளிதான். ஒரு மணிக்குப் படுத்தவரின் அருகே நான்கு மணிக்கு அது எதற்கு? பட்டை விளக்கு இளமஞ்சளாகவே இருக்கட்டும் என்று தீர்மானித்தோம். நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் அட்டையில் இருக்கும். நூற்றுக்கு 80 சாதாரணம், 90 மிக நன்று. தாளிப்பில் வற்றல் மிளகாய் சிவந்திருக்கிறதா, கருகப் போகிறதா என்பதை நல்ல எண்ணுள்ள விளக்குதான் காட்டிக் கொடுக்கும்.

அப்பத்தாவின் பாடு வேறு. அவர் மேடையில் நின்று நறுக்குவதில்லை; தரையில் அரிவாள்மணை போட்டு அமர்ந்துதான் எல்லாம். அரிசியில் கல் பொறுக்குவதும் அங்கேதான். அறுபது வயதானவரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதினருக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்குதான் என்கிறார்கள். அப்பத்தாவுக்கு எழுபத்திரண்டு. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, மறு கண் பாக்கி. அவருக்காக டியூப் லைட்டைக் கழற்றிவிட்டுக் கூரையில் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று போட்டோம். அதை நான்கடி முன்னால் தள்ளி மாட்ட வேண்டுமென்று நான் வாதாடினேன். அதற்கு வயர் இழுக்கத் தனிக் கூலி. அப்பத்தா ஒன்றும் பேசாமல் அரிவாள்மணையைத் தூக்கி எதிர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். நிழல் பின்னால் போய்விட்டது. செலவு ஒன்றுமில்லை.

பணக் கணக்கை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பெற்றோர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பட்டை, அடாப்டர், டிம்மர், ஒட்டுவதற்கு அலுமினியச் சட்டம், கூரைப் பல்பு எல்லாம் சேர்ந்து 780 ரூபாய். எதிர்வீட்டு அண்ணன் கூலி வாங்கவில்லை. அம்மா ஏலக்காய் போட்ட தேநீர் கொடுத்தார். பழைய டியூப் லைட் மாலையில் மூன்று மணி நேரம் எரிந்து இரண்டு மாதத்துக்குப் பத்து யூனிட் எடுத்தது. புதிய விளக்குகள் இரண்டும், விடியற்காலை இரண்டு மணி நேரத்தையும் சேர்த்து, மூன்றரை யூனிட் எடுக்கின்றன. மிச்சம் ஆறரை யூனிட். எங்களைப் போல் நூறு யூனிட்டுக்குச் சற்று மேலே நிற்கும் வீட்டில் அது இருபது ரூபாயைத் தாண்டாது. போட்ட பணம் திரும்ப ஆறு ஆண்டுக்கு மேலாகும். ‘விளக்கை மாற்றுங்கள், கட்டணம் பாதியாகும்’ என்று விளம்பரத்தில் சொல்வதை நம்பி நாங்கள் இதைச் செய்திருந்தால் ஏமாந்திருப்போம். விடியற்காலைக் கரண்டை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தது உண்மையில் எங்கள் அம்மாவின் இருட்டுதான். இப்போது அந்த இரண்டு மணி நேரத்துக்கும் வெளிச்சம் உண்டு. அதற்குப் பிறகும் ஆறரை யூனிட் மீதி.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. பட்டையை அடுப்புக்கு நேர் மேலே ஒட்டக் கூடாது. ஆவியும் எண்ணெய்ப் புகையும் படிந்து பசை விட்டுவிடும், சூட்டில் டையோடின் ஆயுளும் குறையும். எங்கள் பட்டை அடுப்புக்கு ஓரடி முன்பே முடிகிறது. மேலே சிலிக்கான் பூசிய பட்டையாக இருந்தால் ஈரத்துணியால் துடைக்கலாம். பட்டையில் ஓடுவது 12 வோல்ட்தான். ஆனால் அடாப்டரில் 230 வோல்ட் இருக்கிறது. அதைத் தண்ணீர்க் குழாயிலிருந்து தள்ளி, சுவரில் உயரமாக மாட்ட வேண்டும். ஈரக் கையால் தொடவே கூடாது. அம்மா திருகுக்குப் பக்கத்தில் ஒரு துணியை மாட்டி வைத்திருக்கிறார்.

அப்பா இப்போது ஆறரை வரை தூங்குகிறார். அம்மாவின் மணிக்கட்டில் தழும்பு இருக்கிறது. விரல்கள் நன்றாக மடங்குகின்றன.

அம்மாவோடு ஜீப்பில் போகும் பெரியம்மா ஒருவர் சென்ற ஞாயிறன்று வந்து, திருகைத் திருகிப் பார்த்துவிட்டுப் போனார். அவர்கள் வீட்டு மேடைக்கு மேலே கடப்பாக்கல் தட்டு இல்லை, வெறும் சுவர்தான். சுவரில் ஒரு மரச்சட்டத்தை அடித்து அதன் அடியில் ஒட்டலாமா என்று நானும் எதிர்வீட்டு அண்ணனும் போய் அளந்து வந்தோம். மூன்றடிப் பட்டை போதும். அடாப்டரை எங்கே மாட்டுவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. அவர்கள் வீட்டில் இருக்கும் ஒரே பிளக் மிக்ஸிக்கு வேண்டுமாம்.